சாய்த்து வைக்கக் கூடாத தடிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு எங்கள் அக்காவைக் காப்புறுதிக் கந்தோர்க் கணக்குப் பிரிவின் கண்டிப்பான அதிகாரியாகத் தெரியும். சிலருக்கு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பூமாலை கட்டிக் கொடுத்தவராகத் தெரியும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால், பாறைகளின் மேல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூண்டில் தடியோடு நின்றவராக மட்டும் அறிந்தவர்களும் இருக்கிறீர்கள். இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்பதைச் செத்த வீட்டுக்கு வந்த பிறகே அறிந்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். ஆகவே அக்காவோடு கூடப் பிறந்து, அவரது கடைசி ஆண்டுகளில் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தங்கை நான், அவரைப் பற்றி நேராகச் சொல்லிவிட எண்ணுகிறேன்.

அக்கா பிறந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தை அடுத்த ஒரு கப்பல் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். அக்கா மூத்தவர், நான் அடுத்தவள், தம்பி கடைசி. தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. மற்ற அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் உறவினர் வீட்டில் ஒரே அறையில் எல்லோரும் இருந்தோம். அப்பா அதன் பிறகு நெடுங்காலம் இருக்கவில்லை. அவரது காரியங்கள் முடிந்த கையோடு, கொழும்புக்குத் திரும்பப் போகிறேன் என்று அக்கா எழுந்து நின்றார்.

“அங்க போய் என்ன செய்யப் போறாய், பிள்ளை? திரும்பவும் அடிச்சால்?” என்று அம்மா அழுதார்.

“திரும்பவும் அடிச்சால் திரும்பவும் வருவன், அம்மா. என்ர வேலை அங்கதான் இருக்கு.”

பம்பலப்பிட்டியில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக அக்கா பல வருடங்கள் இருந்தார். காப்புறுதிக் கந்தோர்ச் சம்பளத்தில்தான் தம்பி பல்கலைக்கழகம் வரை படித்தான். அந்தச் சம்பளத்தில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. அக்காவுக்கும் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. தம்பி படித்து முடியும் வரை பொறுக்க முடியுமா என்று அக்கா கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் முடியாது என்றார்கள். “சரி, அவையளுக்கு அவசரம். எனக்கு இல்லை,” என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் கணவர் காலமானதன் பின், வெள்ளவத்தையில் அக்கா வாங்கியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தேன். அக்கா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். பின்னேரங்களில் இருவரும் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு நடப்போம். அங்கேதான் நாங்கள் பிறகு தெஹிவளை நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவரைக் கண்டோம். நானா தெஹிவளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பொழுதெல்லாம் தூண்டில் போடுபவர். அன்று அவரிடம் இரண்டு தடிகள் இருந்தன. ஒன்றின் நூல் பாறை இடுக்கில் சிக்கிவிட்டது. மற்றத் தடியை யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். சுற்றிவரப் பார்த்தார். நாங்கள் இருவர்தான் நின்றோம்.

“அக்கா, இத கொஞ்சம் புடிச்சிக்கோங்களே. சும்மா வெச்சிக்கிட்டா போதும்,” என்று அக்காவின் கையில் தடியைத் திணித்துவிட்டு அவர் கீழே இறங்கினார்.

அவர் பாதி வழி போவதற்குள் அக்காவின் கையிலிருந்த தடி வில்லாக வளைந்தது. அக்கா ஒரு காலை முன்னே இழுத்து வைத்தார். “விட்டிடுங்கோ அக்கா, விழப் போறீங்கள்!” என்று நான் கத்தினேன். நானா கீழேயிருந்து, “விடாதீங்க, விடாதீங்க!” என்று கத்தினார். அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றார். நானா ஏறி வந்து மீனைக் கரை சேர்த்தபோது அக்காவின் உள்ளங்கை சிவந்து கிடந்தது. அது ஒரு பாரை மீன். அக்கா அதைக் கேட்கவில்லை. தடியைத்தான் இன்னொரு முறை கேட்டார்.

அடுத்த மாதம் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு தடி வந்தது. கனடாவிலிருந்து தம்பி இரண்டாவதை அனுப்பினான். மூன்றாவது, பாறைக்கு ஏற்ற நீளத்தில், நானா மூலம் வாங்கியது. உறவினரிடையே கதை பரவியது. ஒரு மாமி தொலைபேசியில் அழைத்து, “இந்த வயசில, பொம்பிளை, அதுவும் எங்கட குடும்பத்தில. ஆக்கள் என்ன கதைப்பினம்?” என்று கேட்டார். “மீனைப் பற்றிக் கதைப்பினம், மாமி,” என்றார் அக்கா.

நான் மரக்கறி மட்டும் சாப்பிடுபவள். எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அக்கா தன் மீனைத் தானே வெட்டித் தானே சமைப்பார். எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. தடிகளை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது.

கடலோர வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல், மின்விசிறி எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். பல்கனியில் வெயிலும் உப்பும். சமையலறையில் எண்ணெயும் சூடும். அக்கா ஒரு கிழமை வீடு முழுவதும் சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் என் சுவாமி அறைக்குள் வந்து நின்று, “இதுதான் நல்ல சுவர். வெயில் இல்லை, காத்து இல்லை, ஈரமும் இல்லை,” என்றார்.

“மீன் பிடிக்கிற தடியைச் சாமிக்குப் பக்கத்தில வைக்கப் போறீங்களோ?”

“கழுவித்தானே வைக்கப் போறன்.”

“கழுவினாலும் தூண்டில் தூண்டில்தான், அக்கா. என்னால ஏலாது.”

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அக்கா அதே சுவரின் மறுபக்கத்தைக் கண்டுபிடித்தார். அது அறைகளுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய நடைபாதை. நானாவின் கடையிலிருந்து பலகை வந்தது. அக்கா அளந்து கொடுக்க, தச்சர் ஒருவர் பள்ளம் வெட்டிய தாங்கிகளை அடித்தார். தடிகள் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக, இரண்டு இரண்டு துண்டுகளாகக் கழற்றப்பட்டு, நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தன. என் பிள்ளையாருக்கும் அக்காவின் தடிகளுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர். அந்த ஏற்பாட்டில் இருவருக்கும் தோல்வி இல்லை.

கடலிலிருந்து வந்ததும் அக்கா தேநீர் குடிக்க மாட்டார். முதலில் குளியலறை. வாளித் தண்ணீரைக் கோப்பையால் மெல்ல ஊற்றித் தடியையும் ரீலையும் கழுவுவார். குழாயை வேகமாகத் திறந்து பீச்சினால் உப்பு ரீலுக்குள் போய்விடும் என்பார். பழைய பருத்தித் துணியால் துடைப்பார். தூண்டில் முள்ளைக் கழற்றி டப்பாவில் போடுவார். அதைத் தடியின் வளையத்தில் கொளுவி விட்டால் வளையம் கீறும். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் தடியில் கொப்புளம் எழும். தங்கூசி நூலை இறுக்கிப் பிடிக்கும் பிடியைத் தளர்த்தி விடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தடியை ஒருபோதும் சுவரில் சாய்த்து வைக்க மாட்டார். “சாய்ச்சு வைச்சால் தன்ர பாரத்தில தானே வளைஞ்சு போகும். பிறகு நிமிர்த்தேலாது,” என்பார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் யாரும் பாறைக்குப் போக முடியாது. அந்த மாதங்களிலும் அக்கா தடிகளை இறக்கித் துடைத்து, பொருத்தும் இடத்தில் மெழுகுதிரி தேய்த்து, திரும்பப் படுக்க வைப்பார்.

அப்படியான ஒரு சோளக காலத்தில்தான் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் பல கிழமைகள் இருந்தோம். உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார் டொக்டர். “பழையபடி எதிர்பார்க்க வேண்டாம்,” என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கந்தோரில் யாரோ தப்பான கணக்கைக் கொண்டுவந்து நீட்டியது போல டொக்டரைப் பார்த்தார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீட்டில் குழாய் ஒன்று ஒழுகி நடைபாதைச் சுவர் ஈரம் ஊறி உரிந்திருந்ததால், பூச்சு வேலைக்கு ஆட்கள் வந்து போயிருந்தார்கள். அவர்கள் வழியிலிருந்த தடிகளை எடுத்துப் பல்கனியில் வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அன்று எனக்குத் தடி ஒரு பொருட்டாக இருந்திராது. சக்கர நாற்காலியில் அக்காவை வீட்டுக்குள் தள்ளி வந்தபோது அவர் பல்கனிப் பக்கம் கையைக் காட்டி, “ப... படு... படுக்க” என்றார். பயணக் களைப்பு என்று எண்ணினேன். நானும் உதவிக்கு வந்த பெண்ணும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். அக்கா தலையை ஆட்டினார். “படு... படுக்...” என்று இன்னும் கோபமாகச் சொன்னார். தலையணையைச் சரிசெய்தேன். போர்வையை இழுத்து விட்டேன். அக்கா இடது கையால் என் தோளில் ஒரு அடி அடித்தார்.

“தடி!” என்றார்.

நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுதாக, தெளிவாக வந்த முதல் சொல் அது. ஓடிப்போய்ப் பல்கனியைப் பார்த்தேன். மூன்று தடிகளின் துண்டுகளும் வெயிலில் சுவரோடு சாய்ந்து நின்றன. தூக்கி வந்து கட்டிலில் அக்காவின் பக்கத்தில் கிடத்தினேன். நானும் அழுதேன், அக்காவும் அழுதார். பிறகு அவர் தடிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் பஞ்சு கேட்டார். அதைத் தடியின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுக்க வேண்டும். வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு அதில் மாட்டும். அப்படிப்பட்ட வளையம் நூலை அறுத்துவிடும். இடது கையால் பஞ்சை இழுத்தார். தடியைப் பிடிக்க வலது கை வேண்டும். அது விரியவில்லை. அக்கா இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தடியின் மேல் வைத்தார். அது நழுவியது. திரும்பவும் எடுத்து வைத்தார். ஒரு தடியின் நுனி வளையத்தில் பஞ்சு மாட்டியபோது மதியமாகிவிட்டது. அன்று அவர் சாப்பாட்டை மறந்திருந்தார். நானும் நினைவூட்டவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோ பிள்ளையை இங்கே சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் இளம் பெண். ரப்பர்ப் பந்தை அக்காவின் கையில் கொடுத்து, “நல்லா அமுக்குங்கம்மா, எங்க பார்ப்போம்,” என்பார். அக்கா பந்தைக் கட்டிலுக்குக் கீழே போடுவார். ஒருநாள் அந்தப் பிள்ளை நேரத்தோடு வந்துவிட்டார். அக்கா பஞ்சோடு மல்லுக்கட்டுவதை வாசலில் நின்று பார்த்தார்.

“இத எத்தன நாளா செய்றீங்கம்மா?”

“ஒவ்வொரு நாளும்,” என்றேன் நான்.

“அப்ப பந்து எதுக்கு? இதையே செய்வோம்!” என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா முன்பு வலது கையில் தடியைப் பிடித்து இடது கையால் ரீலைச் சுற்றியவர். இப்போது பாரத்தை இடது கைதான் தாங்க வேண்டும். சுற்றுவதை வலது கை பழக வேண்டும். நானா வந்து ரீலின் கைபிடியைக் கழற்றி மறுபக்கம் பூட்டினார். உடைந்த நுனி வளையத்தையும் மாற்றிக் கொண்டு வந்தார். தடியை மேசையோரத்தில் கட்டினோம். நான் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடைபாதை வழியாகச் சமையலறை வரை போவேன். அக்கா சுற்றுவார். நூல் இறுகும். நான் மெல்ல மெல்ல அவரிடம் வருவேன். ஆரம்பத்தில் நான் பாதி வழி வருவதற்குள் அக்காவின் கை சோர்ந்துவிடும். “நானே வாறன் அக்கா, போதும்,” என்றால் கோபம் வரும். “நான் இழுத்துத்தான் நீ வர வேணும்,” என்பார். அந்த வீட்டில் நான் எத்தனை முறை மீனாக இழுக்கப்பட்டேன் என்பது எனக்கே தெரியாது.

பாறைக்குப் போவதை டொக்டர் மறுத்தார். கடல் அடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா உடுத்து வெளிக்கிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“டொக்டர் வேண்டாம் எண்டல்லோ சொன்னவர்?”

“பாறையில ஏற வேண்டாம் எண்டுதான் சொன்னவர். நான் ஏறேல்லை.”

பாறைகள் தொடங்குமிடத்தில் சமதரையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டோம். ஒரு பக்கம் நானா, மறுபக்கம் பிசியோ பிள்ளை. நானா தூண்டிலை வீசித் தர வந்தார். அக்கா விடவில்லை. இடது கையால் வீசினார். அது முன்னாலிருந்த கல்லில் போய் விழுந்தது. அடுத்தது அதைவிடக் கிட்ட விழுந்தது. சுற்றிவர நின்றவர்கள் பார்த்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தடிகள் கழுவப்பட்டன. இப்போது கழுவியது நான். அக்கா குளியலறை வாசலில் கதிரை போட்டு மேற்பார்வை செய்தார்.

மழை வரப் பார்த்த ஒரு காலையில் நூல் இறுகியது. அக்கா சுற்றத் தொடங்கினார். பாதியில் வலது கை நின்றுவிட்டது. விரல்கள் கைபிடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. தடி நடுங்கியது. நானா பொறுக்க முடியாமல் கையை நீட்டினார்.

“தொடாதேங்கோ, நானா!”

அந்தச் சொற்களில் குழறல் இல்லை. நானா கையை இழுத்துக்கொண்டார். அக்கா மூச்சை இழுத்து விட்டார். உடம்பு முழுவதையும் முன்னே சாய்த்து, தோளிலிருந்து தள்ளி, கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொன்று. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன், நானா அல்லாஹ்வைக் கூப்பிட்டார். பிசியோ பிள்ளை, “தோள தூக்காதீங்கம்மா, முழங்கைய விடுங்க,” என்று அந்த நேரத்திலும் தன் வேலையைச் செய்தார். மீன் கரைக்கு வந்தது. சிறிய பாரைதான். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். நோய்க்குப் பிறகு அவர் முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அந்தச் சிரிப்பில் அது தெரியவில்லை.

அன்று அக்காவால் சமைக்க முடியவில்லை. நானா வீட்டில் மீனை வெட்டிக் கொடுத்தார்கள். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மச்சச் சட்டியில் குழம்பு வைத்தது நான். சுவை பார்க்காமல் வைத்தேன். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “உப்புக் காணாது,” என்றார். பிறகு சட்டியை முடித்தார்.

அதன் பின் அந்தப் பருவம் முழுவதும் போனோம். சில நாள் மீன் கிடைத்தது, பல நாள் இல்லை. சோளகம் திரும்பியதும் அக்கா தடிகளைக் கிடத்தினார். இம்முறை மெழுகுதிரியை வலது கையில் பிடித்துத் தேய்த்தார். அந்தக் காற்று ஓய்வதற்குள் இரண்டாவது தாக்கம் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரோடு கதைத்த பின்னேரம், கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டு, “என்ன வேணும் அக்கா?” என்று கேட்டேன். தேவாரம் படிக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

“தங்கூசி பழசாப் போச்சு. நானாவிட்டச் சொல்லிப் புதுசு போடு. கடல் அடங்கப் போகுது,” என்றார்.

மறுநாள் காலை அக்கா எங்களை விட்டுப் போனார்.

செய்தி அறிந்ததும் ஓடி வந்து, கடைசி வரை கூட நின்ற மாடி வீட்டு அயலவர்கள் எல்லோருக்கும், சிங்களக் குடும்பம் தமிழ்க் குடும்பம் என்ற வேறுபாடின்றி, நாங்கள் கடமைப்பட்டவர்கள். இரவு பகல் பார்க்காது பராமரித்த டொக்டர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளைச் செவ்வனே நடத்தித் தந்த குருக்கள் ஐயாவுக்கும், கனடாவிலிருந்து பறந்து வந்து கொள்ளி வைத்த தம்பிக்கும், அக்காவின் கந்தோர் நண்பர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. நானாவுக்கும் பிசியோ பிள்ளைக்கும் நன்றி சொல்லப் போனால் இருவரும் கோபிப்பார்கள். ஆகவே சொல்லவில்லை.

தடிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நினைவுப் பொருளாக வைத்திருக்கலாம் என்றார் ஒருவர். யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வீட்டில் இருந்தால் மனம் வருந்தும் என்றார் இன்னொருவர். நான் இரண்டையும் செய்யப் போவதில்லை. பாவிக்காமல் வைத்திருப்பதற்காக அக்கா அவற்றை ஒருநாளும் துடைத்ததில்லை. நானா போன கிழமை வந்து மூன்று ரீலுக்கும் புதுத் தங்கூசி சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தடியைப் பிசியோ பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

“எனக்கு மீன் புடிக்கத் தெரியாதேம்மா.”

“எனக்கும் தெரியாது, பிள்ளை. நான் சாப்பிடுறதும் இல்லை. ஆனால் போவம்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடுத்த ஞாயிறு, கடல் இடங்கொடுத்தால், விடிந்ததும் நாங்கள் மூவரும் ரயில் பாதைக்கு அப்பால் அக்காவின் கதிரை இருந்த இடத்தில் நிற்போம். நானா தன் சொந்தத் தடியோடு வருவார்; ஆகவே அக்காவின் மூன்றாவது தடிக்கு ஆள் தேவை. அக்காவை நினைத்து வர விரும்புபவர்கள் வரலாம். பூவும் மாலையும் வேண்டாம். ஆளுக்கொரு போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டு வாருங்கள். தடிகளை உப்புக் காய்வதற்கு முன் கழுவ வேண்டும்.